எக்ஸ்எம்எல்: ஒரு பில்லில் பிழை, மொத்தக் கோப்பும் நிற்பது ஏன்?

அன்புள்ள ஐயா,

வலைப்பக்கங்கள் செய்வது என் தொழில். எச்டிஎம்எல்லும் ஜேசனும் நன்றாகப் பழக்கம். இப்போது ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து அன்றைய விற்பனையை எக்ஸ்எம்எல் (தரவை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் வடிவம்) கோப்பாக்கி, கணக்கு மென்பொருளில் ஏற்றும் வேலை வந்திருக்கிறது. சரங்களை (எழுத்துத் துண்டுகளை) ஒட்டி ஒட்டிக் கோப்பை உருவாக்குகிறேன். பல நாள் சரியாகப் போகிறது. சில நாள் ஒரு பில்கூட ஏறாமல் மொத்தமும் திரும்பி வருகிறது. எச்டிஎம்எல் மாதிரிதானே என்று நினைத்து இறங்கினேன். ஸ்கீமா, எக்ஸ்பாத், எக்ஸ்எஸ்எல்டி என்று படிக்கவேண்டிய பட்டியல் நீள்கிறது. எதில் தொடங்குவது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை மூட மறந்தால் பிரவுசர் தானே ஊகித்துச் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல்லில் அந்தச் சலுகை கிடையாது. 1998 பிப்ரவரியில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, அமைப்புப் பிழை ஒன்றைக் கண்டதும் பார்சர் (கோப்பை வாசித்துப் பிரிக்கும் நிரல்) வழக்கமான வாசிப்பை நிறுத்தியாக வேண்டும். உங்கள் கோப்பில் 150ஆவது பில்லில் ஒரே ஒரு எழுத்து தவறினாலும், மற்ற பில்களும் சேர்ந்து நிற்பது இதனால்தான். ஆகவே முதலில் படிக்கவேண்டியது அமைப்பு விதிகளை. ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒரு சிறு கோப்பைப் பாருங்கள். டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன்; எக்ஸ்எம்எல் அதை ஏற்கும்.

<விற்பனை>
  <பில் எண்="1047">
    <வாடிக்கையாளர்>முருகன் &#38; சன்ஸ்</வாடிக்கையாளர்>
    <அளவு அலகு="மீட்டர்">12</அளவு>
  </பில்>
</விற்பனை>

திறக்கும் டேக் முதல் மூடும் டேக் வரை உள்ள பகுதிதான் எலிமென்ட். எல்லாவற்றையும் சுற்றி ஒரே ஒரு வேர் எலிமென்ட், இங்கே 'விற்பனை'. பில்களை அடுத்தடுத்து எழுதிவிட்டு வெளிச்சுற்றை விட்டால் இரண்டாவது பில்லிலேயே பிழை வரும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். டேக்குக்குள் எழுதும் அட்ரிபியூட்டின் (மேலே 'எண்', 'அலகு') மதிப்புக்கு மேற்கோள் குறி கட்டாயம். ஒரே அட்ரிபியூட் ஒரு டேக்கில் இருமுறை வரக்கூடாது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

உங்கள் கோப்பு சில நாள் மட்டும் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த & குறிதான். எக்ஸ்எம்எல்லில் & வந்தால் 'இதோ ஒரு குறியீடு தொடங்குகிறது' என்று பொருள். 'முருகன் & சன்ஸ்' என்று வெறுமனே எழுதினால், பார்சர் &க்குப் பின் ஒரு பெயரைத் தேடும்; இடைவெளி வந்ததும் நின்றுவிடும். இடைவெளி இல்லாமல் 'முருகன்&சன்ஸ்' என்று இருந்தால், 'சன்ஸ்' என்பதையே குறியீட்டின் பெயராக எடுத்துக்கொண்டு, முடிவில் அரைப்புள்ளி எங்கே என்று கேட்கும். பெயரில் & உள்ள வாடிக்கையாளர் வாங்காத நாளில் கோப்பு ஏறிவிடும். திரும்பி வந்த ஒரு கோப்பைத் திறந்து இதை முதலில் சரிபாருங்கள்.

&க்குப் பதில் &#38; என்றும், <க்குப் பதில் &#60; என்றும் எழுத வேண்டும். இதைக் கையால் செய்கிறவர்கள் வரிசையில் தவறுவார்கள். <ஐ முதலில் மாற்றிவிட்டுப் பிறகு &ஐ மாற்றினால், &#60; என்பது &#38;#60; ஆகிவிடும். கையாலும் மாற்றி, எக்ஸ்எம்எல் எழுதித் தரும் ஆயத்த நிரல் நூலகமும் ஒருமுறை மாற்றினால், வாடிக்கையாளர் பெயரில் '&#38;' என்றே அச்சாகும். சரங்களை ஒட்டுவதை இன்றே விட்டுவிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பைத்தானில் எலிமென்ட்ட்ரீ, பிஎச்பியிலும் டாட்நெட்டிலும் எக்ஸ்எம்எல்ரைட்டர், ஜாவாவில் ஸ்டாக்ஸ் என்று எல்லா இடத்திலும் இதற்கான கருவி உண்டு. பெயரை அப்படியே கொடுங்கள். மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நூலகம் காப்பாற்றாத இடங்களும் உண்டு. 32க்குக் கீழான எண் கொண்ட கட்டுப்பாட்டுக் குறிகளில் 9 (டேப்), 10, 13 (வரி மாற்றம்) ஆகிய மூன்றை மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0 அனுமதிக்கிறது. வேர்டில் ஷிப்ட்டோடு என்டர் அழுத்தி உடைத்த வரியை நகலெடுத்து முகவரிக் கட்டத்தில் ஒட்டினால், சில நேரம் 11ஆம் குறி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்துவிடும். அதை &#11; என்று எழுதினாலும் பிழைதான். எலிமென்ட்ட்ரீ இதைத் தடுக்காமல் எழுதிவிடும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதே நீங்கள் நீக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, கால், புள்ளி போன்ற ஒவ்வொன்றும் தனிக் குறி) 3 பைட் ஆகும். பெயரை 50 பைட்டில் வெட்டும் நிரல், இடைவெளி இல்லாத தமிழ்ப் பெயரில் 16 குறிகளை முழுதாக எடுத்து, 17ஆவதின் 2 பைட்டை மட்டும் தொங்கவிடும். அந்த அரைகுறைப் பைட்டைக் கண்டதும் பார்சர் கோப்பையே நிராகரிக்கும். பைட் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டுங்கள்.

மற்றது இன்னும் நுட்பமானது. 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பார்சரோ குறிக்குக் குறி ஒப்பிடும். <கொள்முதல்> என்று ஒரு விதத்தில் திறந்து, வேறொரு விதத்தில் சேமித்த </கொள்முதல்> கொண்டு மூடினால், டேக் பொருந்தவில்லை என்று பிழை வரும், நீங்கள் திரையைப் பார்த்துத் திகைப்பீர்கள். வாடிக்கையாளர் பெயரை ஒப்பிடும் இடத்திலும் இதே கதைதான். எல்லாவற்றையும், இவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 12ஆம் வரியில் மூடாமல் விட்ட டேக்கை, பார்சர் 400ஆம் வரியில்தான் உணரக்கூடும். அது சுட்டும் டேக்கின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கித் தேடுங்கள். அனுப்புவதற்கு முன், கோப்பைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல்லிண்ட் கட்டளையில் ஒருமுறை ஓட்டுங்கள். முதல் வரியில் வரும் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தால்கூட அது சொல்லிவிடும்.

அடுத்து நேம்ஸ்பேஸ்: ஒரே பெயர் இரு இடங்களில் மோதாமல் இருக்க டேக் பெயரோடு சேர்க்கும் அடையாளம். கோப்பைப் படிக்கும்போது, டேக் கண்ணெதிரே இருந்தும் எக்ஸ்பாத் (கோப்புக்குள் எலிமென்ட்களைத் தேடும் மொழி) தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போனால், வேர் எலிமென்ட்டைப் பாருங்கள். அங்கே ஒரு வலை முகவரி இயல்பு நேம்ஸ்பேஸாக அறிவிக்கப்பட்டிருந்தால், உள்ளே உள்ள முன்னொட்டில்லாத (டேக் பெயருக்கு முன் 'க:' போல எதுவும் இல்லாத) எலிமென்ட்கள் எல்லாம் அந்த முகவரியோடு சேர்ந்த பெயரைப் பெறுகின்றன. எக்ஸ்பாத் 1.0இல் முன்னொட்டு இல்லாத பெயர், நேம்ஸ்பேஸ் இல்லாத எலிமென்ட்டையே தேடும். உங்கள் நிரலில் அந்த முகவரிக்கு ஏதாவது ஒரு முன்னொட்டை நீங்களே பதிவுசெய்து, அதை வைத்துத் தேடுங்கள். முன்னொட்டு எதுவாகவும் இருக்கலாம். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அது பெயருக்கான அடையாளம் மட்டுமே. பெயரை ஒப்பிடுவதற்காகப் பார்சர் அந்த முகவரிக்குப் போய் எதையும் எடுப்பதில்லை.

வெளியாரிடமிருந்து வரும் கோப்பைப் படிக்கிறீர்கள் என்றால், டிடிடியையும் (கோப்பின் தொடக்கத்தில் என்டிட்டி போன்றவற்றை அறிவிக்கும் பகுதி) வெளி என்டிட்டிகளையும் (வெளிக் கோப்பிலிருந்து உள்ளடக்கத்தை இழுக்கும் குறியீடுகள்) பார்சரில் அணைத்து வையுங்கள். ஒரு என்டிட்டிக்குள் பத்து, அதற்குள் பத்து என்று ஒன்பது அடுக்கு வைத்தால், சில வரிக் கோப்பு நூறு கோடி துண்டுகளாக விரிந்து நினைவகத்தை நிரப்பிவிடும். வெளி என்டிட்டி வழியாக உங்கள் சர்வரில் உள்ள கோப்புகளையும் படித்துவிட முடியும்.

ஸ்கீமாவை (கோப்பில் எந்த எலிமென்ட் எங்கே, எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் விதிக் கோப்பை) எழுதக் கற்பது அவசரமில்லை, படிக்கத் தெரிந்தால் போதும். கணக்கு மென்பொருள்காரர்கள் ஸ்கீமா தந்திருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சீக்வென்ஸ் என்று இருந்தால் எலிமென்ட்கள் அந்த வரிசையிலேயே வர வேண்டும். வரிசை முக்கியமில்லாத ஜேசனில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை குறிப்பிடப்படாத எலிமென்ட் 1 முறையாவது வந்தாக வேண்டும். 0 என்று எழுதியிருந்தால் மட்டுமே விடலாம். எக்ஸ்எஸ்எல்டி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. ஒரு எக்ஸ்எம்எல் வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் வேலை வரும்போது அதைத் தொடங்கலாம்.