ஆல்ப்ஸ் எல்லையூர்கள்: உங்கள் பாஸ் எந்த ஸ்டேஷன் வரை செல்லும்?

ஐந்து பேர் மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போய்வர பயர்ன் டிக்கெட் (ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட்) போதுமா? அது பவேரியாவுக்குள் மட்டும்தானே?

போதும். சால்ஸ்பர்க்கும் குஃப்ஸ்டைனும் ஆஸ்திரியாவில் இருந்தாலும் இந்த டிக்கெட்டில் சேர்த்தி. பாஸின் எல்லையும் நாட்டின் எல்லையும் ஒன்றல்ல. கடைசியாகச் செல்லும் ஸ்டேஷனின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். குஃப்ஸ்டைன் தாண்டி கிட்ஸ்பியூல் போக நினைத்தால் அங்கிருந்து தனி டிக்கெட்.

ரயில்களில் ஆர்ஈ, ஆர்பி, எஸ்-பான் என்ற வட்டார வண்டிகளில் மட்டுமே ஏறலாம். ரெயில்ஜெட், ஈசி, ஐசிஈ போன்ற தொலைதூர வேக வண்டிகள் கூடாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் வட்டார ரயில்களை மட்டும் காட்டச் சொல்லித் தேடுங்கள். இல்லாவிட்டால் வேகமான ரெயில்ஜெட்டும் பட்டியலில் வந்து குழப்பும். ஐந்து பேரின் பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு ஏறினால் பரிசோதகரிடம் பதில் சொல்ல முடியாது.

வார நாளில் காலை 8.30 வண்டிக்கு அதே டிக்கெட்?

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத்தான் அதற்கு உயிர் வரும்; மறுநாள் அதிகாலை 3 வரை செல்லும். சனி, ஞாயிறுகளில் நள்ளிரவு 12 முதலே செல்லும். 8.30 வண்டிதான் வேண்டுமென்றால், 9 மணிக்குப் பிறகு அந்த வண்டி நிற்கும் முதல் ஸ்டேஷன் வரை சாதாரண டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (ஜெர்மனி முழுக்க வட்டார வண்டிகளுக்கான மாத டிக்கெட்) ஏர்வால்டும் சேஃபெல்டும் போகலாமா?

இரண்டும் ஆஸ்திரியாவின் டிரோல் மாநில ஊர்கள்தான், ஆனால் பதில் வேறு வேறு. மியூனிக்கிலிருந்து வரும் பாதை கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷனில் பிரிகிறது. மேற்கே போகும் தடம் கிரீசன் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து ஏர்வால்ட், லெர்மோஸ், ராய்ட்டே வழியாக மறுபடி ஜெர்மனிக்குள் வந்து கெம்ப்டன் சேர்கிறது. இந்தத் தடம் முழுக்க டிக்கெட் செல்லும்.

தெற்குத் தடத்தில் மிட்டன்வால்டோடு சரி. அடுத்த ஸ்டேஷன் ஷார்னிட்ஸ், அது ஆஸ்திரியா. அதே வண்டி நேரே இன்ஸ்ப்ருக் வரை போவதால் எல்லை தாண்டியதே பலருக்குத் தெரிவதில்லை. அபராதம் அங்கேதான் விழுகிறது. மிட்டன்வால்ட்–சேஃபெல்ட் டிக்கெட்டை ஆஸ்திரிய ரயில்வேயின் ஓபிபி செயலியில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மியூனிக்கிலிருந்து வரும் சில வண்டிகள் கார்மிஷில் இரண்டாகப் பிரியும்; எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பலகையைப் பார்த்து உட்காருங்கள்.

ஏர்வால்டில் இறங்கி சுக்ஷ்பிட்சே மலைக்குப் போகும் ரோப்காருக்கு இந்த டிக்கெட் உதவாது. இன்னொன்று, இது மாதச் சந்தா. அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டுமானால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். மறந்தால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

சென்னையிலிருந்து வருகிறோம். அண்ணன் சூரிச்சில் இருக்கிறார். எல்லாருக்கும் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கி இத்தாலியின் திரானோ போகலாமா?

நீங்கள் வாங்கலாம், அண்ணன் வாங்க முடியாது. சுவிட்சர்லாந்து, லீக்டென்ஸ்டைன் இரண்டுக்கும் வெளியே வசிப்பவர்களுக்கு மட்டுமே அந்தப் பாஸ். அவரிடம் ஹால்ப்டாக்ஸ் என்ற சுவிஸ் அரைக்கட்டண அட்டை இருந்தால் அரைக் கட்டணத்தில் கூடவே வரலாம்.

திரானோ இத்தாலியில் இருந்தாலும் சுவிட்சர்லாந்திலிருந்து அங்கே போகும் பெர்னினா மலை ரயில் தடம் முழுவதும் பாஸில் அடக்கம். அதில் ஓடும் சுற்றுலா வண்டியான பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு மட்டும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு முன்பதிவு வேண்டாம், சன்னலும் திறக்கும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் மேல். 2,253 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினாவிலிருந்து சுமார் 430 மீட்டரிலுள்ள திரானோவுக்கு இறங்குவதால், கோடையிலும் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். திரானோவிலிருந்து மிலான் போக இத்தாலிய டிக்கெட் எடுக்க வேண்டும். காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் லோகார்னோவிலிருந்து இத்தாலியின் டோமோடோசோலா போகும் தடம் நல்லது. நடுவில் வரும் சாந்தா மரியா மஜ்ஜோரே இத்தாலிய ஊர்; அதற்கும் பாஸ் செல்லும்.

ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் இப்படி எல்லை தாண்டலாமா?

தாண்டலாம். இந்த நாடுகள் எல்லாம் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் பகுதிதான். ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்பும் வண்டிகளில் போலீஸ் சோதனை உண்டு, அதற்குப் பாஸ்போர்ட் நகல் போதாது. அண்ணன் பாஸ்போர்ட்டோடு தன் சுவிஸ் வதிவிட அட்டையையும் எடுத்துவர வேண்டும்.