உட்சுவர்ப் பலகைக்குப் பின்னால் பூஞ்சண மணம்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுடையது விக்டோரியா காலத்து வீடு. போன வருடம் முன்னறையின் வெளிச்சுவருக்கு உட்பக்கமாக, ஃபோம் ஒட்டிய பிளாஸ்டர்போர்ட் அடித்தோம். முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினோம். இந்தக் குளிர்காலத்தில் பலகையின் அடிப்பக்கம் கறுத்து, பூஞ்சண மணம் வருகிறது. "நீங்கள் சமைக்கும்போது ஜன்னல் திறப்பதில்லை" என்கிறது வேலை செய்த கம்பனி. டிஹியூமிடிஃபையரும் பூஞ்சண பெயின்டும் வாங்கினால் சரிவருமா?

பதில்: பெயின்ட் வாங்காதீர்கள். அது கறுப்பை மறைக்கும், அவ்வளவுதான். ஈரம் பெரும்பாலும் பலகைக்குப் பின்னால், செங்கலின் முகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து வீடுகளில் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்தான் வழக்கம். முன்பு வீட்டுச் சூடு அதற்குள் இறங்கி அதைக் காயவைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஃபோம் அந்தச் சூட்டை மறிப்பதால் செங்கல் குளிர்ந்தே கிடக்கிறது. 20 பாகை சூடும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக்காற்று, 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் தண்ணீராகப் படியும். பிளக் பொயின்ட் துவாரம், சுவரடியில் ஓடும் ஸ்கேர்ட்டிங் பலகைக்கு அடியில் உள்ள இடுக்கு, டேப் ஒட்டாத மூட்டு எல்லாமே அந்தக் காற்றுக்கு வழி. பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டியிருந்தால், உள்ளே போன காற்று பின்னால் தாராளமாக உலாவும்.

மழையும் காரணமாகலாம். உடைந்த பீலி, செங்கல் இடுக்குகளில் பூசிய சிமெந்து இரண்டையும் பாருங்கள். கறுப்பு மழைக்குப் பிறகு கூடுகிறதா, மழையில்லாத கடுங்குளிரில் கூடுகிறதா என்று தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

"இலவச ஈரச் சோதனை" செய்ய வருகிறவர்களில் பலர், சுவரில் மருந்து ஏற்றும் வேலையை விற்க வருகிறவர்கள். ஈரம் அளக்கும் அவர்களுடைய ஊசி மீட்டர் பலகைக்குப் பின்னுள்ள அலுமினியத் தாளில் பட்டால், காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டிவிடும். எதையும் விற்காத தனிச் சர்வேயருக்குக் காசு கொடுத்து, பலகையில் ஒரு சிறு துண்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனைகள் செங்கலுக்குள் இருந்தால் அவை உக்கிவிடக்கூடும். என் பெரிய பயம் அதுதான்.

கம்பனி சொல்வதில் பாதி உண்மை உண்டு. சோற்றுப்பானை ஆவியும், ரேடியேட்டரில் காயும் உடுப்பும் ஈரத்தைக் கூட்டும். ஆனால் காற்றோட்டத்தைப் பார்க்காமல் சுவரை மூடியிருந்தால், பிழை அவர்களுடையதே. அரசுத் திட்டத்தில் உட்சுவர் இன்சுலேஷன் (உட்பக்கமாகச் சூடுகாப்புப் பலகை அடிப்பது) செய்த வீடுகளிலேயே 29 சதவீதத்தில் திருத்தவேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக, தேசிய தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது.

பலகையைத் திறக்கும் முன் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, உரிய கவனமும் திறமையும் இல்லாமல் செய்த வேலையைச் செலவில்லாமல் திருத்தித் தரவேண்டும். முடியாவிட்டால் விலையைக் குறைக்கவேண்டும். மறுத்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைச் சொல்லி கார்ட் நிறுவனத்திடம் கேளுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால், முற்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு வேலைக்கும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு.

டிஹியூமிடிஃபையர் வீண் இல்லை. அறைக்காற்றின் ஈரத்தைக் குறைக்கும். சுவரைத் திறந்தபின் செங்கல் காயவும் உதவும். அதுவரை அந்தச் சுவரோடு சோபாவை ஒட்டிப் போடாதீர்கள்.