ஸ்டிக் போனதற்காகப் புதுசு வாங்க வேண்டாம்

(செல்போன், கேம் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, காரைக்குடியில் 22 ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். என் மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. என் வீட்டுக்காரர் 2019-இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி வாங்கி வந்தார். இப்போது அது ரொம்ப மெதுவாகிவிட்டது, சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை, கை வைக்காமலேயே மரியோ இடது பக்கமாக நடந்துபோகிறார் என்கிறான் பையன். ஸ்விட்ச் 2 வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளோடு மரியோ கார்ட் வேர்ல்டு ஆட வேண்டும் என்று அவன் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) தினமும் போனில் நச்சரிக்கிறான். அவர் தைக்கு ஊருக்கு வருகிறார், வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். இங்கே ஒரு கடையில் 52,000 ரூபாய் சொன்னார்கள். பழையதைக் கொடுத்தால் 7,000 கழித்துக்கொள்வார்களாம். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, பையன் நான்கு காரணம் சொல்லியிருக்கிறான். முதல் மூன்றையும் நான் ஒரு மாலைக்குள் சரிசெய்து கொடுத்துவிடுவேன். நான்காவது காரணத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. அதனால் முதலில் மூன்றைப் பார்த்துவிடுவோம்.

கை வைக்காமலேயே மரியோ நடக்கிறார் என்பது ஜாய்-கானில், அதாவது கருவியின் இரண்டு பக்கமும் மாட்டும் கைப்பிடியில், வரும் ட்ரிஃப்ட். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு கரித் தடமும் அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்ன உலோக விரலும் இருக்கின்றன. ஆறு வருடம் உரசினால் தடம் தேயும், தூசியும் சேரும். அப்புறம் ஸ்டிக் நடுவில் நின்றாலும் கருவிக்கு நகர்ந்த மாதிரிதான் தெரியும். ஸ்டிக்கை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஆனால் பார்த்துக் கொடுங்கள். ஜாய்-கானில் மூன்று கை உள்ள ஒய் வடிவத் திருகு இருக்கும். அதற்கான திருப்புளி இல்லாமல் சாதா திருப்புளியை வைத்து அழுத்தித் திருகின் தலையைச் சிதைத்துவிடுகிறார்கள். அப்படி வந்தவற்றை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளே காகிதம் போல மெல்லிய ரிப்பன் ஒயர் ஒன்று உண்டு, வேகமாகத் திறந்தால் கிழிந்துவிடும். "ஒய் திருப்புளி இருக்கிறதா" என்று கடையில் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை.

இதில் இன்னொரு செய்தியும் பையனுக்குத் தெரிய வேண்டும். ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கானிலும் ஸ்டிக் இதே மாதிரி உரசி வேலை செய்வதுதான். ட்ரிஃப்ட் வருகிறது என்பதற்காக மட்டும் புதுசு வாங்கினால், சில வருடம் கழித்து அதே கடிதத்தை நீங்கள் மறுபடி எனக்கு எழுத வேண்டியிருக்கும்.

சார்ஜ் நிற்காததற்குக் காரணம் பேட்டரியின் வயது. ஸ்விட்ச்சில் இருப்பது 4310 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி. புதிதாக இருந்தபோதே, 2017-இல் வந்த முதல் மாடல் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும். 2019 நடுவில் வந்த திருத்திய மாடல் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடும். உங்களுடையது எது என்று அடியில் உள்ள சீரியல் எண்ணைப் பார்த்தால் தெரியும்: எக்ஸ்-கே-டபிள்யூ என்று தொடங்கினால் திருத்திய மாடல், எக்ஸ்-ஏ-டபிள்யூ என்றால் பழையது. எதுவானாலும் ஒன்றரை மணி நேரம் என்பது களைத்துப்போன பேட்டரி. மாற்றலாம். பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், கத்தியை விட்டு நெம்பக் கூடாது, அவ்வளவுதான்.

மெதுவாகிவிட்டது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கன்சோல் செல்போன் மாதிரி வயதானதும் மெதுவாவது குறைவு. அநேகமாக மெமரி கார்டுதான். பழைய ஸ்விட்ச்சுக்குள் இருப்பது 32 ஜிபி மட்டும், மீதி எல்லாம் கார்டில். போலி கார்டும் மட்டமான கார்டும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. நல்ல கார்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கூடவே மேலே உள்ள காற்றுத் துளைகளையும் பாருங்கள். ஃபேனில் பஞ்சு மாதிரித் தூசி அடைத்திருந்தால் சூடு வெளியே போகாது, சூடு மிஞ்சினால் கருவி தானாகவே ஸ்லீப் மோடுக்குப் போய்விடும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 இரண்டையுமே 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது நின்டெண்டோ. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் மாடி அறையில் 35-க்குக் கீழே எங்கே இருக்கிறது? ஆனால் உங்கள் வீடு பழைய வளவு வீடாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பிள்ளைகளை மத்தியானத்தில் வளவுப் பத்தியில் உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து ஆட வேண்டாம்.

இந்த மூன்று வேலைக்கும் சேர்த்து, கடையில் சொன்ன 52,000-இல் பத்தில் ஒரு பங்குக்குள் முடித்துவிடலாம். நான்காவது காரணம் மட்டும் இல்லையென்றால் என் பதிலை இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

மரியோ கார்ட் வேர்ல்டு பழைய ஸ்விட்ச்சில் வரவே வராது. ஸ்விட்ச் 2-வோடு 2025 ஜூன் 5-இல் வந்தது, அதற்கு மட்டும்தான். ஒரே பந்தயத்தில் 24 பேர் ஓட்டலாம். அப்பச்சி அங்கே, பையன் இங்கே, சித்தப்பா பிள்ளைகளும் அங்கே. வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் அவர்கள் எல்லாரும் ஒரே ரோட்டில் வண்டி ஓட்ட முடியும் என்றால், அது வாங்குவதற்கு நியாயமான காரணம் என்றே நான் நினைக்கிறேன். என் பெரியப்பா பினாங்கில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு கேம் பாய் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நாலு பேட்டரி போட வேண்டும். அதில் அவரும் நானும் மாறி மாறி ஆடிய பத்து நாள்தான் எனக்கு அவரைப் பற்றி நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் பையனின் நச்சரிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாங்குவது என்று முடிவானால், சிங்கப்பூரிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கடையில் இருப்பது யாரோ இறக்குமதி செய்தது. பழுதானால் கம்பெனி வாரண்டி என்று கேட்டு நிற்க இங்கே இடமில்லை. உங்கள் வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் வாங்கிய இடத்திலேயே கேட்கலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ஜப்பானுக்கென்றே ஒரு ஸ்விட்ச் 2 உண்டு, 2025-இல் வந்தபோது அதன் விலை 49,980 யென். அதில் ஜப்பான் மொழி மட்டும்தான் வரும், கணக்கும் ஜப்பான் கணக்காக இருக்க வேண்டும். போன வருடம் ஒருவர் இங்கே ஏதோ ஒரு கடையில் "மலிவு" என்று அதை வாங்கிவிட்டு என்னிடம் மொழியை மாற்றித் தரச் சொல்லி வந்தார். மாற்ற வழி கிடையாது. அவர் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. பல மொழிப் பதிப்பா என்று கேட்டே வாங்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கும் பழைய கேம் கேசட்டுகள் பெரும்பாலும் எல்லாம் ஸ்விட்ச் 2-இல் ஓடும். போகிமான் ஸ்கார்லெட், வயலட் மாதிரி சில கேம்களுக்கு இலவச அப்டேட்டும் உண்டு. பழையதில் திக்கித் திக்கி ஓடிய அந்த கேம் புதியதில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் பையனுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பழைய மெமரி கார்டு கேம் வைக்க உதவாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். முதலில் வேண்டாம், உள்ளேயே 256 ஜிபி இருக்கிறது. டிவியோடு இணைக்க மாட்டி வைக்கும் பழைய டாக்கும் பொருந்தாது. கேசட் வாங்கும்போது அட்டையில் "கேம்-கீ கார்டு" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் அந்தக் கேசட்டுக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும்தான், கேமை நெட்டில் இறக்க வேண்டும். பள்ளத்தூரில் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இருந்தால் பரவாயில்லை. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி என்றால் வேண்டாம். ஆன்லைனில் ஆட மாதாந்தர அல்லது வருடச் சந்தா கட்ட வேண்டும். குடும்பச் சந்தாவில் 8 கணக்குகள் வரை சேரலாம், சித்தப்பா வீட்டையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது: பழையதை 7,000-க்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு மகளும் இருக்கிறாள் ஆச்சி. கடிதத்தில் அவள் பெயருக்கு ஒரு வேண்டுதல்கூட இல்லை. ஸ்டிக்கும் பேட்டரியும் மாற்றி அவள் கையில் கொடுங்கள். ஸ்விட்ச் 2-இல் கேம்ஷேர் என்று ஒரு வசதி இருக்கிறது. சில கேம்களைப் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்விட்ச்சுக்கும் அனுப்பி, ஒரே கேமை இரண்டு பேரும் ஆடலாம். 51 வேர்ல்டுவைடு கேம்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் இது வேலை செய்யும். அதில் முதல் ஆட்டமே மன்கலா, நம் பல்லாங்குழியின் உறவு. அதில் பக்கத்துக்கு 6 குழி, நம்முடையதில் 7. அப்பத்தாவை உட்கார வைத்து ஒருமுறை ஆடச் சொல்லுங்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் தோற்பார்கள்.

பழைய கருவியில் உள்ள சேவ்களை (ஆடிய வரை சேமித்து வைத்ததை), புதியதை முதன்முதலாக ஆன் செய்து அமைக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து மாற்றுங்கள். சர்வர் வழியாக மாற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தால் பழையது மொத்தமாக அழிந்து வெறுமையாகிவிடும். வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். லேப்டாப் பழசாகிவிட்டது. ரோக் ஆலை (ROG Ally, ஆசஸ் கம்பெனியின் கையில் பிடித்து ஆடும் கேம் கருவி) வாங்கினால் கேமுக்கும் ஆச்சு, கம்ப்யூட்டருக்கும் ஆச்சு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்விட்ச் 2-ஐ விட அது நல்லதா?

– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, இரண்டும் வேறு வேறு ஜாதி. ரோக் ஆலைக்குள் ஓடுவது விண்டோஸ், அதனால் ஒரு கீபோர்டும் மானிட்டரும் மாட்டினால் கம்ப்யூட்டர்தான், பொய் இல்லை. 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலேயே முறையாக விற்கிறார்கள், வாரண்டி இங்கேயே கிடைக்கும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விலை ரூபாயில் இருக்கும், தள்ளுபடி நாளில் நூறு இருநூறு ரூபாய்க்கே நல்ல கேம்கள் கிடைக்கும். ஸ்விட்ச்சில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் நின்டெண்டோவின் மரியோவும் செல்டாவும் ஆலையில் வராது.

உனக்கு நான் சொல்வது: ப்ராஜெக்ட் முடியும் வரை எந்த கேம் கருவியும் வேண்டாம். ஏழு இன்ச் திரையில் ப்ரோகிராம் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, முதல் ஆலையின் 40 வாட்-அவர் பேட்டரி கனமான கேமில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். அந்தக் காசுக்குத் தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கு. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் எழுது, அப்போது உனக்காக உட்கார்ந்து தேடித் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டுப் பெட்டகத்தில் ஒன்றரை வருடமாகக் கிடந்த ஸ்விட்ச் லைட்டை (ஸ்விட்ச்சின் சிறிய வகை) எடுத்துச் சார்ஜ் போட்டால் ஒன்றுமே வரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமா?

– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இன்னும் போடாதீர்கள் ஐயா. பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து இந்த மாதிரி எனக்கு நிறைய வருகிறது. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யாவிட்டால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம் என்று நின்டெண்டோவே சொல்கிறது. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ திரை மேலே தூக்கியிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது, அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். உப்பவில்லை என்றால், கூடவே வந்த சார்ஜரைப் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஒருமுறை தட்டுங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே உயிர் வந்துவிடும். வராவிட்டால் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும்.

நம் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லித்தியம் பேட்டரியைப் பற்றியும் வருடக்கணக்காக ஆராய்கிறார்கள். அங்கிருந்து என் கடைக்கு வரும் ஒரு சார் சொல்லிக் கொடுத்தது இது: நீண்ட நாள் வைக்கும் பேட்டரியை முழுசாக நிரப்பியும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே, பாதியில் வை. அடுத்த தடவை ஊரிலிருந்து கிளம்பும்போது 50 சதவீதத்தில் முழுதாக ஆஃப் செய்துவிட்டு, பெட்டகத்தில் வைக்காமல் கையோடு சென்னைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.