இழுப்பதா, தள்ளுவதா?

ஐயா,

பையன் ஏழாவது படிக்கிறான். இருவரும் சேர்ந்து இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றைச் சின்னதாகச் செய்து பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். பக்கவாட்டில், பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து பறந்த போலந்து விமானிகளின் பிரிவான 303ஆம் ஸ்குவாட்ரனின் அடையாளமான ஆர்.எஃப். எழுத்துகளைப் போடப்போகிறோம். 1940இல் பிரிட்டன் வானில் அவர்கள் ஓட்டியது ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா? நாடு பறிபோன வெறியில்தான் அத்தனை ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்கள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

கே.

அன்புள்ள கே.,

அப்பாவும் பிள்ளையும் ஒரே மேஜையில் கையெல்லாம் பசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் பையனிடம் ‘வெறி’ என்று சொன்னீர்களே, அதற்கு உங்கள் காதைத்தான் திருக வேண்டும்.

வெறி யாருக்கு இல்லை? லண்டனில் குண்டு விழுந்து வீடு போனவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அவர்களைத் தூக்கி காக்பிட்டில் உட்கார வைத்தால் விமானம் கிளம்பிவிடுமா? 303இல் இருந்தவர்களில் பலர் போலந்திலேயே முறையாகத் தொழில் கற்றவர்கள். 1939இல் ஜெர்மனி படையெடுத்தபோது அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பி.இஸட்.எல். பி.11 என்ற போலந்துப் போர் விமானம். மேலே மூடி இல்லை, சக்கரம் மடங்காது. ஜெர்மானியரின் புதிய குண்டுவீச்சு விமானங்களைத் துரத்திப் பிடிக்கிற வேகமும் அதற்குக் கிடையாது. முதல் நாளே போலந்து விமானப்படை தரையிலேயே எரிந்து போனது என்று இன்னும் எழுதுகிறார்களே, அது பொய். போர் விமானங்களை முன்கூட்டியே வேறு மைதானங்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். அப்புறம் விமானிகள் தப்பிப் போனது ருமேனியா, பிரான்ஸ். பிரான்ஸும் விழுந்ததும் இங்கிலாந்து.

சில நாட்களாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த த்ராட்டில் சமாச்சாரம்தான். போலந்திலும் பிரான்ஸிலும் இன்ஜினுக்கு வேகம் கொடுக்க அந்தப் பிடியைத் தன் பக்கம் இழுப்பார்கள். பிரிட்டிஷ் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். நேர் தலைகீழ். தரையில் நின்று கேட்டால் சின்ன விஷயம். பின்னால் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் வந்து நிற்கும்போது யோசிக்க நேரம் ஏது? கைதான் முடிவு செய்யும், கைக்குத் தெரிந்தது இழுக்க மட்டும்.

எனக்கு இது புரிந்தது பைக்கில். எங்கள் அப்பாவின் பழைய புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆறு வருடம் அதை ஓட்டிவிட்டு, நண்பனிடம் வேறொரு வண்டியை இரவல் வாங்கினேன். கியரும் பிரேக்கும் அதில் இடம் மாறியிருக்கும் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். தலையை ஆட்டினேன். மார்க்கெட் வரைக்கும் நன்றாகத்தான் போனேன். ஒரு ஆடு குறுக்கே வந்தது. இடது காலை ஓங்கி மிதித்தேன். ஆடு தப்பித்தது, நான் டீக்கடை பெஞ்சில் போய் ஏறினேன். கால் செய்ததில் தப்பே இல்லை, வண்டிதான் வேறு.

அந்தப் போலந்துப் பையன்கள் இதை மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் செய்தார்கள். மைல் என்பதே அவர்களுக்குப் புதிது, படித்தது கிலோமீட்டர். மடங்கும் சக்கரமும் சிலருக்குப் புதிது. இறக்க மறந்து வயிற்றாலேயே தரையைத் தேய்த்து இறங்கியவர்கள் உண்டு. ஆங்கில உத்தரவு புரிகிறதா என்று பார்க்க, அனுபவசாலி விமானிகளை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி, ரேடியோவைக் கட்டி, கால்பந்து மைதானத்தில் வட்டமடிக்க விட்டார்கள். எப்படி எரிந்திருக்கும்! பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். வெறி பிடித்தவன் சைக்கிள் மிதிப்பானா, கே.?

ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிக்குப் பறந்துகொண்டிருந்த 303இன் விமானி லுட்விக் பாஷ்கியெவிச்சின் கண்ணில் ஜெர்மன் விமானம் பட்டது. ரேடியோவில் சொன்னார், பதில் இல்லை. அணியை விட்டு விலகிப்போய் அதைச் சுட்டு வீழ்த்தினார். இறங்கியதும் திட்டும் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. மறுநாளே ஸ்குவாட்ரனைப் போருக்கு அனுப்பினார்கள். ரேடியோ சொல்வதற்கு முன்பே தேடிப் பார்க்கிற கண், கிட்டப் போகும்வரை சுடாத பொறுமை. போலந்திலிருந்து கொண்டு வந்த சொத்து அவ்வளவுதான். 303 வீழ்த்தியது மொத்தம் 126 விமானங்கள் என்பது அன்றைய கணக்கு, பிற்கால ஆய்வாளர்கள் குறைத்துவிட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

அவர்களிலேயே அதிகம் வீழ்த்திய யோசெஃப் ஃப்ரான்டிஷெக் போலந்துக்காரரே இல்லை, செக் நாட்டவர். 17 விமானங்கள். அணியில் நிற்கமாட்டார், தனியாகப் போய்விடுவார். கண்டித்துப் பார்த்துவிட்டு, சரி, இவர் ஸ்குவாட்ரனின் விருந்தாளி என்று வைத்துக்கொண்டார்கள். அக்டோபர் 8ஆம் தேதி விமானம் விழுந்து இறந்தார். முந்தின நாள்தான் 26 வயது நிறைந்திருந்தது.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். ஹரிக்கேன்தான். 303க்கு ஸ்பிட்ஃபயர் வந்தது 1941 ஜனவரியில். ஹரிக்கேனின் உடம்பில் பின்பாதி துணி, அதனால் அங்கே பெயின்டை மெல்லிசாக அடியுங்கள், உள்ளே இருக்கும் வரிகள் தெரிய வேண்டும்.

சக்கரத்தை ஒட்டுகிற வேலையைப் பையனிடம் விட்டுவிடுங்கள். கீழே இறக்கி ஒட்டச் சொல்லுங்கள்.