சதுரங்கப் பலகை எண்: வாசகர் கேள்விகள்

முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, பிறகு 4 என்று 64 கட்டத்தையும் நிரப்பினால் மொத்தம் 2⁶⁴ − 1. விரித்து எழுதினால் 1,84,46,74,40,73,70,95,51,615. இந்த எண் பற்றி வந்த கேள்விகளில் சில.

5-இல் முடிகிறது, 5 வகுக்கும். சரி, மற்ற காரணிகளைக் கணினி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முக்கால்வாசி வேலைக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். எனவே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எண்ணி (2³² + 1) × (2³² − 1) என்று உடைக்கலாம். பின்பகுதியை மறுபடி அதே மாதிரி உடையுங்கள், மறுபடியும். கடைசியில் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 மிஞ்சும். முதல் ஐந்தும் பகா எண்கள்.

அந்தக் கடைசி எண்ணும் பகா எண்தானே?

கணித மேதை ஃபெர்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஆய்லர் 1732-இல் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். இதன் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது! ஃபெர்மா இதைத் தவறவிட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வகுத்துப் பார்க்காமலே இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. அப்புறம், 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். இப்போது −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எனவே 2⁷ = 128.

வடிவியலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டுபிடித்தார். 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றைப் பெருக்கி வரும் 4294967295 பக்கப் பலகோணத்தையும் கொள்கை அளவில் அப்படி வரைய முடியும். அப்படி வரையத்தக்கவை என்று இதுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் இதுவே பெரியது. தாளில் போட்டால் வட்டமாகத்தான் தெரியும், முயற்சி செய்யாதீர்கள்.

அவ்வளவு அரிசி விளையுமா?

ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்றால் சுமார் 46,000 கோடி டன். உலகமே ஒரு வருடத்தில் விளைவிக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

எக்செல்லில் இந்த எண்ணை அடித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகின்றன. ஏன்?

எக்செல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். இது 20 இலக்க எண், அதனால் கடைசி ஐந்தும் போய்விடும். அதை நம்பி வகுத்திகளைத் தேடினால் இந்த ஒற்றைப்படை எண் 2-ஆல் வகுபடுவதாகச் சொல்லும். பைத்தான் நிரல்மொழியில் 2**64 - 1 என்று அடியுங்கள், ஓர் இலக்கமும் குறையாது.