அழகாக நிறமேறிய வெள்ளி நாணயத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் 1881-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட மார்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் நாணயம் ஒன்றை வாங்க நினைக்கிறார். 70 வரை செல்லும் அளவுகோலில் தரம் 65 என்று சான்றளிக்கப்பட்டு, ஸ்லாப் எனப்படும் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்பட்ட நாணயம் அது. முகப்பில் பிறை வடிவில் பொன்னிறமும் செம்மையும் நீலமும் படர்ந்திருப்பதால், அதே ஆண்டையும் தரத்தையும் சேர்ந்த வெண்மையான நாணயத்தின் விலையைப்போல் மூன்று மடங்கை விற்பவர் கேட்கிறார்.

என் பதில், கொடுக்கலாம் என்பதுதான். ஆனால் அந்த நிறம் எப்படி வந்தது என்பதை நாணயத்தின் மேற்பரப்பே உங்களுக்குச் சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லும் கதை அதற்கு ஈடாகாது. அந்த ஆண்டு அந்த நாணயச்சாலையில் 1 கோடியே 27 லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்கள் அடிக்கப்பட்டன. அழுத்தமான அச்சும் நல்ல பளபளப்பும் கொண்ட அந்த நாணயங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. எனவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் இரண்டு பங்குப் பணத்தில் அரிதாகக் கிடைப்பதற்கென்று ஒரு காசும் இல்லை. அத்தனையும் நிறத்துக்கே போகிறது. நிறம் பொய்யாகிவிட்டால் அந்த இரண்டு பங்கும் திரும்பி வராது.

வெள்ளியின் மேல் தெரியும் இந்த நிறம் சாயம் அன்று. காற்றிலோ, துணியிலோ, அட்டையிலோ உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலத்தின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும், அதை ஊடுருவி அடியிலுள்ள உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிந்துவிடுகின்றன. சோப்புக் குமிழியில் நாம் பார்ப்பதும் இதே நிகழ்வுதான். ஒரு மீட்டரின் நூறு கோடியில் சில பத்துப் பங்குகள் என்ற அளவிலேயே தடிமன் கொண்ட இந்தப் படலம் வளர வளர, நிறங்கள் ஓர் ஒழுங்கில்தான் மாறும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு தேன்நிறம், பிறகு செம்மை கலந்த ஊதா, அதன்பின் ஆழ்ந்த நீலம், வெளிர்நீலம், மீண்டும் மஞ்சள், மீண்டும் செம்மை, அதற்கும் பிறகே பச்சை. கடைசியில் எல்லா நிறமும் மறைந்து கருமை. இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்வதுதான் நிறமேறிய நாணயம் வாங்குபவருக்கு முதல் பாடம் என்பேன். பொன்னிறத்துக்குப் பக்கத்திலேயே, இடையில் செம்மையோ நீலமோ இல்லாமல், பளீரென்று பச்சை நின்றால், அந்தப் படலம் மெல்ல வளர்ந்ததன்று என்று சந்தேகிக்க வேண்டும்.

மார்கன் டாலருக்கு இந்த நிறம் வந்த வழி தெளிவாகத் தெரிந்த ஒன்று. 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அடிக்கப்பட்ட இந்த டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு அமெரிக்கக் கருவூலத்தின் பெட்டகங்களில் பல பத்தாண்டுகள் கிடந்தன. வெள்ளிக்கு ஈடாக வெளியிடப்பட்ட காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி டாலர்களை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை 1964 மார்ச்சில் கருவூலம் நிறுத்தியது. அதற்கு முந்திய ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பைகள் பெருமளவில் வெளியே வந்தன. பையின் நடுவில் கிடந்த நாணயங்கள் வெண்மையாகவே இருந்தன. துணியை ஒட்டிக் கிடந்தவற்றுக்கே நிறமேறியது. அவற்றிலும் வேறொரு நாணயம் மேலே படிந்து மறைத்திருந்த பகுதி வெண்மையாக நின்று, வெளியே தெரிந்த பகுதி மட்டும் பிறையாக நிறம் பெற்றது.

ஆகவே உங்கள் நாணயத்திலுள்ள பிறையின் உள்விளிம்பை நன்றாகப் பாருங்கள். அது 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்னொரு டாலரின் விளிம்பு வளைவோடு ஒத்துப்போக வேண்டும். அந்த உள்விளிம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் தொடங்கி, வெளியே செல்லச் செல்ல செம்மையும் நீலமுமாக அடர வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், நிறப்பகுதியில் துணியின் நெசவுத் தடம் சிறு சிறு கட்டங்களாகத் தெரிந்தால் அது மிக நல்ல அறிகுறி. அடுத்து, இடப்பக்கம் ஏழும் வலப்பக்கம் ஆறுமாக இருக்கும் நட்சத்திரங்களில் நிறத்துக்குள் விழுந்தவற்றைப் பாருங்கள். இயல்பாக நிறமேறிய நாணயங்களில், மேடாக எழுந்த நட்சத்திரத்தையும் எழுத்தையும் சுற்றி நிறம் சற்றே விலகி நிற்பதையோ, மேட்டின் ஓரத்தில் நிறம் ஒரு படி மாறுவதையோ பெரும்பாலும் காணலாம். கூடவே பளபளப்பும் உயிரோடிருக்க வேண்டும். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும்போது வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல் ஓர் ஒளிக்கோடு நிறத்தின் ஊடாகத் தடையின்றிச் சுற்றி வர வேண்டும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிநோக்கிப் பாய்ந்ததால் உண்டான நுண்ணிய கோடுகளே அந்த ஒளியைத் தருகின்றன. படலம் மிகத் தடித்துக் கருமையை நெருங்கிவிட்டால் ஒளியும் அடங்கிவிடும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், சான்றளிக்கப்படாத ஒரு வெள்ளி நாணயத்தை, முழுவதும் நீலமும் ஊதாவுமாக இருந்த அழகுக்காகவே, வழக்கமான விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். பழைய அட்டை ஆல்பத்தில் பல ஆண்டுகள் இருந்ததால் வந்த நிறம் என்று விற்றவர் கூறினார், நானும் நம்பினேன். கந்தகம் கலந்த அட்டை ஆல்பத்தில் நிறம் விளிம்பில் தொடங்கி, வளையம் வளையமாக உள்நோக்கி வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் நாணயத்திலோ விளிம்பும் நடுவும் ஒரே நீலமாக இருந்தன. எழுத்துகளின் இடுக்கில்கூட நிறம் மாறவில்லை. தரம் கணிக்க அனுப்பினேன். எண் தரம் எதுவும் இல்லாமல், நிறம் சந்தேகத்துக்குரியது என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அதன்பிறகுதான் லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தேன். யாரோ எப்போதோ துணியால் அழுத்தித் துடைத்த மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடியிருந்தன. நிறம் அந்தக் கீறல்களின் மேலும் சீராகப் படிந்திருந்தது. துடைத்த நாணயத்தை மறைப்பதற்காகவே நிறமேற்றியிருக்கிறார்கள். அதை விற்றபோது வெள்ளியின் எடைக்குச் சற்று மேலான தொகைதான் கிடைத்தது. பணம் போனதைவிட, வாங்கிய நாளில் அதை வெளிச்சத்தில் வைத்து ஒரு மணி நேரம் ரசித்தது பொய்யான ஒன்றை என்பது எனக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது.

உங்கள் நாணயம் சான்றளிக்கப்பட்டது என்பதால் இந்த அபாயம் பெரிதும் குறைகிறது. நாணயங்களின் தரத்தைக் கணித்துச் சான்றளிக்கும் நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கப்பட்டவை. இரண்டுமே செயற்கை நிறம் என்று கருதும் நாணயத்துக்கு எண் தரம் கொடுப்பதில்லை. ஆயினும் ஸ்லாப் இரண்டு கேள்விகளைத் தீர்த்துவைக்காது. முதலாவது, அந்த 65 என்ற எண்ணுக்குள்ளேயே நிறத்தின் அழகுக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம். கண்ணைக் கவரும் தோற்றமும் தரத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று என்பதால், நிறமில்லாவிட்டால் 64 பெற்றிருக்கக்கூடிய நாணயம் நிறத்தால் 65 ஆவதுண்டு. அப்போது 65-க்குரிய விலையிலும் நிறத்துக்குக் கொடுக்கிறீர்கள், அதன்மேல் மூன்று மடங்கிலும் கொடுக்கிறீர்கள். மார்கன் டாலரில் சுதந்திர தேவியின் கன்னம் அகன்ற வெற்றிடம். பையில் மற்ற நாணயங்களோடு மோதிய தழும்புகள் அங்கேதான் முதலில் கண்ணில் படும். நிறப்பிறை கன்னத்தின்மேல் படர்ந்திருந்தால், நிறத்தை மறந்துவிட்டுக் கன்னத்தைத் தனியே ஒருமுறை பாருங்கள். இரண்டாவது, படம். விளக்கின் கோணத்தாலும் படத்திருத்தத்தாலும் மங்கிய பழுப்பைக்கூட வானவில்லாக்கிவிட முடியும். ஸ்லாப்பைக் கையில் பிடித்துச் சாதாரண வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்கும் வீடியோ ஒன்றைக் கேளுங்கள். நேராக வைத்தால் அரக்குநிறமாகவும் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் வானவில்லாகவும் தெரியும் நாணயத்துக்கு நான் மூன்று மடங்கு தர மாட்டேன்.

நிறம் வெறும் கறைதானே, அதற்கா கூடுதல் விலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேதியியல்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு காலத்தில் வெண்மையே மேன்மை என்று கருதி, எண்ணற்ற நாணயங்களைத் தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு முக்கலிலும் படலத்தோடு மேற்பரப்பு வெள்ளியும் சிறிது கரைவதால், பலமுறை முக்கிய நாணயங்கள் ஒளி இழந்து வெளிறிப்போயின. யாருடைய கையும் படாமல் பல பத்தாண்டுகள் தங்கிய மேற்பரப்பின் மேல், மெல்ல வளர்ந்து, கருமைக்கு முன்னரே நின்றுவிட்ட நிறம் உண்மையாகவே அரிது. அதை விரும்பி விலை கொடுப்பது பிழையன்று என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

எவ்வளவு என்பதுதான் கடினம். விலைப்பட்டியல்களில் நிறத்துக்கென்று தனி வரிசை கிடையாது. ஏலத்தில் அந்த நிறத்தை விரும்பும் இருவர் மோதிக்கொண்டால் விலை ஏறும், ஒருவர் மட்டும் இருந்தால் வெண்மையான நாணயத்தின் விலைக்குச் சற்று மேலே நின்றுவிடும். ஆகவே அதே ஆண்டு, அதே தரம், அதே அளவு நிறப்பரப்பு உள்ள நாணயங்கள் ஏலங்களில் என்ன விலைக்கு முடிந்தன என்பதைத் தேடி எடுத்து, உயர்ந்தவற்றை விட்டுவிட்டு நடுவில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். பிறை முகப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் நான் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்வேன். பாதியைக் கடந்து, நீலம்வரை தெளிவான பட்டைகளும் சுழலும் ஒளியும் இருந்தால், அவர் கேட்கும் மூன்று மடங்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. பின்பக்கத்தில் மட்டும் நிறமிருக்கும் நாணயமாயின் விலை வெகுவாகக் குறைய வேண்டும், ஆனால் உங்களுடையது அப்படியன்று.

வாங்கிவிட்டால் ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள். ஸ்லாப் காற்றை முழுவதுமாகத் தடுப்பதில்லை. அட்டைப்பெட்டியும் ரப்பர் வளையமும் அருகில் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் இருக்கக்கூடும். அந்த வீடியோ கிடைத்ததும், பிறையின் உள்விளிம்பையும் அதற்குள் விழும் நட்சத்திரங்களையும் நெருக்கமாக எடுத்த இரண்டு படங்களை உங்கள் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். பார்த்துவிட்டு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.