127 பல் சில்லு இல்லாமல் மெற்றிக் புரி வெட்டலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில், வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறையில் ஆங்கிலேயர் தயாரித்த பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் லீட் ஸ்குரூ (வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலத்துக்கு 8 புரி கொண்டது. உழவு இயந்திரங்களுக்கும் படகு எஞ்சின்களுக்கும் வேண்டிய மெற்றிக் (மில்லிமீற்றர் அளவு) போல்ட்டுகளைக் கடைவதற்காக, கொழும்பு விற்பனையாளர் ஒருவரிடம் ‘மெற்றிக் புரி வெட்டும் பற்சில்லுத் தொகுதி’ என்று பில்லில் எழுதி வாங்கினேன். 127 பல் சில்லு இல்லாமல் சரியான மெற்றிக் புரி வராது என்கிறார் நண்பர். எனக்குக் கிடைத்தவையோ 63 பல், 80 பல் சில்லுகள். புதிய 63 பல் சில்லைப் பழைய சில்லுகளுடன் இணைத்து ஓட்டினால் உறுமலும் கேட்கிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: 63 பல் சில்லைத் தந்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த உறுமலைப் பற்றித்தான்.

முதலில் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். ஓர் அங்குலம் துல்லியமாக 25.4 மில்லிமீற்றர் என்று 1959இல் பல நாடுகளின் உடன்பாட்டால் நிலைநிறுத்தப்பட்டது. 25.4 என்பதை ஐந்தால் பெருக்கினால் 127 வரும். அது பகா எண் என்பதால், அங்குல லீட் ஸ்குரூவைக் கொண்டு மெற்றிக் புரியைப் பிழையே இன்றி வெட்ட 127 பல் சில்லுதான் வேண்டும். இந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் வேலைக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. 100க்கு 127 என்ற விகிதத்துக்குப் பதிலாக 63க்கு 80 என்பதைப் பயன்படுத்தினால், 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு வரும் பிழை 0.0125 மில்லிமீற்றர் மட்டுமே. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள நட் ஒன்றில் அது ஒரு மைக்ரோமீற்றரை விடச் சற்றே அதிகம். எந்த நட்டும் அதை உணராது. நீண்ட லீட் ஸ்குரூவையோ அளவுக் கருவிக்கான திருகையோ கடைபவர் மட்டுமே 127 பல் சில்லுக்குச் செலவழிக்க வேண்டும். அதுவும் மைஃபோர்ட் போன்ற சிறிய ஆங்கிலேய லேத்துகளின் பல் அளவில் ஏறக்குறைய 164 மில்லிமீற்றர் விட்டமுடையதாக இருக்கும் என்பதால், சிறிய லேத்தின் மூடிக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்காமல் வாங்கவே கூடாது.

இனி உறுமலுக்கு வருவோம். மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற ஆங்கிலேய லேத்துகளின் மாற்றுச் சில்லுகள் 20 டயமெட்ரல் பிட்ச் (விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 20 பல்) அளவிலும் 14½ பாகை அழுத்தக் கோணத்திலும் (பல்லின் பக்கச் சரிவு) வெட்டப்பட்டவை. அதை மொடியூலில் (ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீற்றர் விட்டம் என்ற அளவில்) சொன்னால் 1.27. சந்தையில் கிடைக்கும் 1.25 மொடியூல் சில்லு பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். பெரும்பாலும் 20 பாகைக் கோணம் கொண்ட அதைப் பழைய சில்லுடன் இணைத்தால் சுழலத்தான் செய்யும், ஆனால் உறுமும், பல்லும் தேயும். வேணியர் இடுக்கியை எடுத்து உங்கள் 63 பல் சில்லின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 82.55 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் அது 20 டயமெட்ரல் பிட்ச், 81.25 என்றால் 1.25 மொடியூல், 65 என்றால் 1 மொடியூல். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அந்தத் தொகையால் வெளிவிட்டத்தை வகுத்தால் மொடியூல் கிடைக்கும் என்பதே இதன் கணக்கு. இந்த ஓர் அளவைக் கடையில் நின்று எடுத்தால் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அளவு பொருந்தாவிட்டாலும் சில்லுகள் முற்றாக வீணாகிவிடவில்லை. பல சில்லுகளைக் கோத்த கூட்டுத் தொடரில் ஒன்றோடொன்று பல் சேரும் இணை மட்டுமே ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆகவே புதிய 63 பல் சில்லு புதிய 80 பல் சில்லை ஓட்டட்டும். அந்த 80உடன் ஒரே அச்சில் பூட்டிய பழைய 30 பல் சில்லு, லீட் ஸ்குரூவிலுள்ள பழைய 50 பல் சில்லை ஓட்டட்டும். நடுத்துளையும் சாவிப் பள்ளமும் பொருந்தினால் 1.5 மில்லிமீற்றர் புரி அமைதியாக வரும். அந்த 50க்குப் பதிலாக 60ஐ மாட்டினால் 1.25 கிடைக்கும், ஜப்பானிய இயந்திரங்களில் 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கும் இந்தப் புரி அடிக்கடி வருவதால் உங்களுக்கு இதுவே அதிகம் உதவக்கூடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அங்குல லீட் ஸ்குரூவில் மெற்றிக் புரி வெட்டும்போது, வேலை முடியும்வரை அரை நட்டை (லீட் ஸ்குரூவைப் பற்றிக்கொள்ளும் பிளந்த நட்) திறக்கக்கூடாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் கருவியைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும்.

உங்கள் லேத்தின் பெயரைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் என்று அவர் உறுதியளித்த பிறகே வாங்கியிருந்து, அளவு மாறியிருந்தால், முதலில் பில்லையும் அளவுகளையும் காட்டி மாற்றித் தருமாறு விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம்; அந்த முறைப்பாடு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், சில்லை இன்றைக்கே அளந்துவிடுங்கள்.